முகத்துவாரம் வெட்டிய பிறகு ஒரு மேற்பார்வைப் பயணம்

முனைவர் பட்ட மாணவர்களை வெளி நிறுவனங்களுக்கு அனுப்பினால், இடையில் ஒருமுறை மேற்பார்வையாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழக விதி. போர்நிறுத்தம் பெயருக்கு மட்டும் மிஞ்சியிருந்த ஒரு மார்கழியில், தர்சினியைப் பார்க்க மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன். அங்கே கடலோடு சேரும் வாவித் தண்ணீரின் உப்பும் இறாலின் வளர்ச்சியும் அவளுடைய ஆய்வு. ஒரு நிவாரண நிறுவனத்தில் வேலை செய்தபடி அதை நடத்துவதாக ஏற்பாடு. "ஊர்ப்பிள்ளைதானே, பிரச்சினை வராது" என்று சொல்லித்தான் எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் அவளை அங்கே போட்டார்.

கண்டியிலிருந்து காலை ஐந்தரைக்குப் பஸ். ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர். ஒழுங்கான நாட்டில் ஐந்து மணித்தியாலம், நமக்கு ஒன்பது. வெலிகந்தைக்குப் பிறகு ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பையோடு இறங்கி, வரிசையில் நடந்து, மறுபக்கம் ஏற வேண்டும். தர்சினி கேட்டாளென்று உப்பு அளக்கும் கருவியொன்றைக் கொண்டுபோயிருந்தேன். அது வெடிபொருள் இல்லை என்று அரைகுறைச் சிங்களத்தில் விளக்குவதற்குள் பஸ் முழுக்க என்னைச் சபித்திருக்கும்.

மட்டக்களப்பில், கல்லடி அலுவலகத்தில் நிறுவனப் பொறுப்பாளர் தேத்தண்ணி தந்து புகழ்ந்தார். "உங்கட ஸ்டூடண்ட் கெட்டிக்காரி, மிஸ். அவட அளவுகளைக் கூட்டத்தில காட்டித்தான் இந்த முறை முந்தியே முகத்துவாரம் வெட்ட வைச்சம்." தர்சினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெரியாதவர்களுக்கு: மழைக்காலத்தில் வாவி நிறையும்போது, முகத்துவாரத்தை, அதாவது கடல்வாயை, அடைத்திருக்கும் மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் வட்டைகளில், அதாவது நெல்வயல்களில், நிற்கும் வெள்ளம் வடியும். ஆனால் முந்தி வெட்டினால் இறால் வளருமுன்பே கடலுக்குப் போய்விடும். மீனவர் வயிற்றில் அடி. எப்போது வெட்டுவது என்று ஆண்டுதோறும் சண்டைதான். தர்சினியின் தகப்பன் வயல்காரர். வாவிக்கரை முழுவதற்கும் தெரிந்த இந்தச் சங்கதியை எங்கள் குழுவில் ஒருவரும் விசாரிக்கவில்லை.

"அவளைக் கேட்காமல் எப்படிக் காட்டினீர்கள்?" என்றேன். "ஒப்பந்தத்தில இரிக்கே மிஸ், அளவுகள் எங்களுக்கும் சொந்தம்" என்று சிரித்தார். ஒப்பந்தம் எங்கள் பல்கலைக்கழகம் எழுதியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, தர்சினியோடு வாவிக்கரைக்குப் போனேன்.

அவள் மாதக்கணக்காகப் போய்வந்த தோணியின் சொந்தக்காரர் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். மரியாதைக்குக் குறைவில்லை.

"இரிங்க மிஸ். பிள்ளைய நாங்க குறை சொல்லல்ல. தகப்பன்ட வட்டை வெள்ளத்தில தாழாமப் பாத்துக்கிட்டா. ஆருதான் பாக்காம விடுவாங்க? ஆனா இனி எங்கட தோணியில ஏற வேணாம். வேற ஆரும் ஏத்தவும் மாட்டாங்க."

திரும்பி நடக்கும்போதுதான் தர்சினி வாய் திறந்தாள். "அப்பாட வட்டை வாவிக்கு அங்கால படுவான்கரையில, மிஸ். ஷெல்லடியால இந்த வருஷம் விதைக்கவே இல்ல."

"அதைத் தோணிக்காரரிடம் சொன்னாயா?"

"சொன்னன். அடுத்த வருஷம் விதைப்பீங்கதானே எண்டார்."

வேறு மாவட்டத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மிஸ். இப்ப போனா, அவங்க நினைச்சது சரியெண்டு ஆகிடும்."

இப்படி மேற்பார்வைக்குப் போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும். கருவி கொண்டுபோனால் சிங்களத்தில் ஒரு கடிதமும் வேண்டும். இருட்டுமுன் தங்குமிடம் சேருங்கள். இதெல்லாம் சின்ன விஷயம். மாணவரை அனுப்புமுன், அளவுகளை யார் எங்கே காட்டலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஊர்ப்பிள்ளை என்று யாராவது தலையாட்டினால், யாருடைய பிள்ளை என்று ஒருமுறை கேளுங்கள்.

எங்கள் குழு நிறுவனத்தின் பாராட்டில் மகிழ்ந்து, அடுத்த ஆண்டு இன்னும் இருவரை அங்கே அனுப்பத் தீர்மானித்திருக்கிறது. நான் எதிர்த்தது கூட்டக் குறிப்பில்கூட வரவில்லை. தர்சினி இப்போதும் தினமும் வாவிக்குப் போகிறாள். தோணி இல்லாததால் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் போத்தலை நிரப்புகிறாள். கரைத் தண்ணீரை வைத்து வாவியைப் பற்றி ஒரு வரியும் எழுத முடியாது; அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் மாதம் தவறாமல் அளவுகளை எனக்கு அனுப்புகிறாள். நானும் கிடைத்தது என்று பதில் எழுதுகிறேன்.