ஏழாம் குப்பி

உலகத்தில் ஈ ஓட்டுகிறவர்கள் கோடிப் பேர். அதற்குச் சம்பளமும் முனைவர் பட்டமும் வாங்கிய ஒரே மகாராணி என் சித்திதான். விடிந்ததும் பல்லைக்கூடத் தேய்க்காமல் ஒரு குப்பியை உள்ளங்கையில் தட்டி, ஈக்களை உயரமான கண்ணாடிக் குழாய்க்குள் கவிழ்ப்பாள். எல்லாம் பொத்துப்பொத்தென்று அடியில் விழும். "இன்னைக்கும் எழும்பல" என்று நோட்டில் ஒரு பூஜ்யம் போடுவாள்.

ஆய்வகத்துக் குளிர்பெட்டி பழுதாம். மூன்று வாரமாக, பழத்தை மொய்க்கும் அந்தப் பொடி ஈக்கள் எங்கள் படுக்கையறையில். ஏசி அதுகளுக்கு, வியர்வை எங்களுக்கு. கொசுவத்தி கூடாது, சென்ட் கூடாது. "ஊரே ஈயை விரட்டுது. இவ ஈக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டறா" என்று அம்மா பொருமினால், "மெதுவா பேசுக்கா, அதுங்க தூங்குது" என்பாள். சிரிக்காமல் சொல்வாள். அதைத்தான் தாங்க முடியாது.

எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்த எனக்கும் பாடம் நடத்தாமல் விடவில்லை. ஈயின் சிறகு நொடிக்கு இருநூறு முறை அடிக்கிறதாம். அந்த வேகத்துக்கு மூளையால் உத்தரவு போட்டு மாளாது. தசைக்குள் ராட்சதப் புரதங்கள் விறைப்பான சுருள்வில் மாதிரி இருக்கின்றன. ஒரு தசை சுருங்கினால் எதிர்த்தசையின் வில் இழுபட்டு அதை உசுப்பிவிடும். அந்தப் புரதம் பழுதான ஈ நடக்கும், தின்னும், குடும்பம் நடத்தும். பறக்க மட்டும் பறக்காது. சித்தி அந்த வில்லைச் சரிசெய்து வளர்ப்பவைதான் ஏழாம் குப்பி ஈக்கள். ஒன்றாவது பறந்தால் நான்கு வருட உழைப்பு பிழைக்கும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். முந்தாநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்கு மட்டும் கேட்டது.

நேற்று ஏழாம் குப்பியைக் கவிழ்த்தாள். முப்பத்தொன்பது விழுந்தன. ஒன்று விர்ரென்று கிளம்பிக் குழாயின் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது.

"அக்கா! பறந்துடுச்சுக்கா!"

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். சித்தி நோட்டில் '1' என்று எழுதினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு சித்தி லென்ஸை எடுத்து அந்த ஒன்றையே வெகுநேரம் பார்த்தாள்.

"அடியே வாலு, இங்க வா."

"என்ன சித்தி?"

"என் ஈக்கெல்லாம் வெள்ளைக் கண்ணு. இதுக்கு ரத்தச் செவப்பா இருக்கு. வாழைப்பழத் தட்டுல இருந்துதானே பிடிச்சு உள்ள விட்டே?"

முதுகைத் தயார் செய்துகொண்டேன். அடி விழவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"அந்த ஒண்ணை நீயே அடிச்சு விடு."