அங்கே ஆடினால் இங்கே போன் அடிக்கும்

என் மகள் ஜப்பானில் வேலை பார்க்கிறாள். நான் தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய வீட்டில், கன்டெய்னர் லாரிகளின் புழுதியைத் தின்றுகொண்டு கிடக்கிறேன். மனைவி இருந்தவரை போன் அவளுக்குத்தான் வரும். தாயும் மகளும் சோறு குழைந்ததிலிருந்து பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது வரைக்கும் பேசுவார்கள். கடைசியில், “அப்பா என்ன செய்யுதாங்க?” என்று ஒரு கேள்வி. “இருக்காங்க” என்று ஒரு பதில். எனக்கும் மகளுக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

மனைவி இறந்தபிறகு அந்தப் போன் என் கைக்கு வந்தது. நான் ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கையில் வாக்கி டாக்கி. விஷயம் இருந்தால்தான் அதில் பேசலாம். சும்மா பேசினால் கீழே நிற்கிறவன் ஏசுவான். அந்தப் பழக்கத்தில், மகள் கூப்பிட்டால் எடுத்த எடுப்பிலேயே “என்ன விஷயம்?” என்பேன். “சும்மாதான்ப்பா” என்பாள். “சரி, வச்சிரு” என்பேன். இந்தச் சிடுமூஞ்சியிடம் அவள்தான் எத்தனை நாளைக்கு வாங்கிக் கட்டிக்கொள்வாள்? கூப்பிடுவது குறைந்தது. காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் வரும், அதோடு சரி.

பிறகு ஒருநாள் அவள் ஊரில் நிலம் ஆடியது. “அப்பா, இங்கன ஆடிச்சு. பயப்படாதிய, நான் நல்லாருக்கேன்” என்றாள். அப்பாடா, அன்றைக்கு விஷயம் இருந்தது! எங்கே நின்றாய், சாமான் விழுந்ததா, அடுப்பை அணைத்தாயா என்று கேட்டுக்கொண்டே போனேன். ஏன்தான் அந்த ஊர் இப்படி ஆடுகிறது என்றும் கேட்டேன்.

“பூமி தட்டு தட்டா இருக்குப்பா. கடலுக்கு அடியில உள்ள தட்டு இங்கன வந்து முட்டுது. அது கனம் ஜாஸ்தி, அதனால இந்தத் தட்டுக்குக் கீழ போவுது. ஆனா வழுக்கிட்டுப் போவாது. நடுவுல சிக்கிக்கிடும். மேல உள்ளதையும் சேத்து இழுத்துக்கிட்டே இருக்கும். தாங்க முடியாம ஒருநாள் விட்டுரும். அதான் ஆட்டம்” என்றாள்.

சுனாமியும் அப்படி விட்டதில் கிளம்பியதுதான் என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது.

அதன்பின் எனக்கு யூடியூபே கதி. அதில் ஒருவன் இரண்டு கையையும் முட்ட வைத்துப் பாடம் நடத்தினான். கண்டத்தோடு கண்டம் முட்டினால் இரண்டும் லேசில் கீழே இறங்காதாம், மடிந்து மலையாக எழும்புமாம். இமயமலை அப்படி வந்ததுதானாம். நம் தட்டு இன்னும் வடக்கே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறதாம். கூத்தெல்லாம் முட்டுகிற ஓரத்தில். தூத்துக்குடியோ ஓரத்துக்கு வெகுதூரம் தள்ளி உள்ளே கிடக்கிறது. இங்கே பாத்திரம் ஆடினால் லாரி போகிறது என்று அர்த்தம்.

மகள் அதற்கப்புறம் சின்ன ஆட்டத்துக்கும் கூப்பிட்டாள். செய்தியில்கூட வராத ஆட்டம் என்பாள். ஆட்டத்தில் தொடங்கி, ஆபீசுக்கு மதியச் சாப்பாடு என்ன கட்டிக்கொண்டு போனாள், அங்கே குளிர் எப்படி என்று பேச்சு எங்கெங்கோ போகும். போன மாதம் இரண்டு முறை கூப்பிட்டாள். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு ருசித்தது. மகள் இருக்கிற ஊர் ஆட வேண்டும் என்று எந்தத் தகப்பனாவது நினைப்பானா? நான் நினைத்தேன். பெரிதாக வேண்டாம், லேசாக ஆடட்டும் என்று நினைத்தேன். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று என்னையே ஏசிக்கொண்டேன். ஆனாலும் நினைத்தேன்.

இந்த மாதம் பாழாய்ப்போன பூமி அசையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாளை மீன் வாங்கப் போனேன். மீன்காரம்மா என்னைக் கேட்காமலேயே கால் கிலோவை நிறுத்து, “ஒத்த ஆளுக்கு இது போதும்லா அண்ணாச்சி” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. “நான் கேட்டேனா?” என்று அவள்மேல் எரிந்து விழுந்து அரைக் கிலோ வாங்கி வந்தேன். வறுத்ததில் பாதியைக்கூடத் தின்ன முடியவில்லை. மீதியை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது வெளியே ஒரு லாரி போனது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. போனை எடுத்து, முதல்முறையாக நானே மகளைக் கூப்பிட்டேன்.

“இங்கன லேசா ஆடிச்சுளா” என்றேன்.

“லாரி போயிருக்கும்ப்பா. நம்ம ஊர்ல எங்க ஆடப்போவுது?”

“அப்ப நான் என்ன பொய்யா சொல்லுதேன்?” என்று கத்தினேன். பொய்தான் சொன்னேன். பிறகு குரலை இறக்கினேன்.

“ஆடலளா. ஒரு மண்ணும் ஆடல. பேச ஆளில்ல. வீட்டுக்குள்ள இருக்கவே முடியல. அதான் கூப்பிட்டேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“அப்பா, ஒண்ணு சொன்னா ஏசமாட்டியளே?”

“சொல்லுளா.”

“போன மாசம் ஆடிச்சுன்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன்லா. அப்ப இங்கனயும் ஆடலப்பா.”