மழை எச்சரிக்கையும் பிதுக்குப் பருப்பும்

மார்கழி பிறந்த பிறகு கள்ளக்குறிச்சியில் இரவுச் சாப்பாட்டைத் திட்டமிடுவது வெள்ள நிவாரண முகாமைத் திட்டமிடுவதைவிடக் கடினம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முகாமில் மழை நிச்சயம், ஜனங்கள் வருவதும் நிச்சயம். பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கிண்டினால் போதும். வீட்டில் இரண்டுமே நிச்சயமில்லை. விடியும்போது கல்வராயன் மலை பனியில் காணாமல் போயிருக்கும். அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானம் வங்கக்கடலில் ஏதோ சுழல்வதாகச் செய்தி வரும், சாயங்காலம் தூறும். இதற்குள் களியா தோசையா, ரசமா மோரா என்று தீர்மானித்தாக வேண்டும்.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மகன் சென்னையில் இருக்கிறான். மகளைச் சங்கராபுரத்தில் கொடுத்திருக்கிறோம். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குடும்பத்தோடு வந்து, ராத்திரி கேழ்வரகுக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போவது எங்கள் வீட்டு வழக்கம். போன கோடையில் என் மனைவி இறந்துவிட்டாள். காரியம் முடிந்த நாளுக்குப் பிறகு என் வீட்டில் இரண்டாவது தட்டு வைக்கப்படவில்லை. தீபாவளிக்கு வந்தவர்கள்கூட நின்றபடியே பலகாரம் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். இந்த மார்கழியில் வராவிட்டால் இனி எந்த மார்கழியிலும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு வருடம் செலவழிக்காத ஒதுக்கீடு மறு வருடம் வராது. இந்த விதியை எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன்.

பிதுக்குப் பருப்பில் ஒரு சங்கடம் உண்டு. பச்சை மொச்சையை உரித்து, முந்தின நாளே ஊறப்போட வேண்டும். மறுநாள் ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். ஊறியதை அப்படியே வைத்திருக்க முடியாது. ஆகவே நாளைய வானம் என்னவென்று தெரியாமலே இன்றைக்கு உத்தரவு போட்டாக வேண்டும்.

சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். எப்போதும் நாங்கள் மொச்சை வாங்கும் கடைக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சார், ஒண்டியாளு. இம்மாம் மொச்ச இன்னாத்துக்கு? வெதைக்கப் போறீங்களா?"

"நாளைக்கி ராத்திரி பொண்ணு வருதும்மா. பிதுக்கிக் குழம்பு வைக்கணும்."

"பிதுக்கறது யாரு?"

"நான்தான்."

அவள் பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பினாள். "இத்த கேட்டியாடி, ஆபீசரு பிதுக்கப் போறாராம். நாளைக்கி ராத்திரிக்கின்றாரு. பொங்கலுக்குத்தான் சோறு!"

சிரித்தபடியே இரண்டு கை மொச்சையை அதிகமாக அள்ளிப் போட்டாள்.

உரித்து ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்தபோது கைப்பேசியில் வானிலை அறிக்கை வந்தது. அலுவலக நண்பர்கள் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை. இத்தகைய அறிக்கை கைக்கு வந்தால் அதை உடனே கீழே அனுப்புவது என் உடம்பில் ஊறிய பழக்கம். இப்போது எனக்குக் கீழே இருப்பது குடும்ப வாட்ஸ்அப் குழு ஒன்றுதான். அதில் அனுப்பினேன். கூடவே, "பொதுமக்கள் அவசியமற்ற பயணங்களைத் தவிர்க்கவும்" என்று ஒரு வரியும் தட்டினேன். மூன்று கட்டைவிரல்கள் வந்தன. குழுவில் ஐந்தாவதாக ஓர் எண்ணும் உண்டு. அதை நீக்கும் நடைமுறை எனக்குத் தெரியும், செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறல். தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பிதுக்க ஆரம்பித்தேன். பிதுக்கும் வேலை தனி ஆளுக்கானது இல்லை. நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்ய வேண்டியது. பருப்பு எகிறி யார் முகத்திலாவது பட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு எகிறிய பருப்பெல்லாம் அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. குனிந்து எடுத்துக் கழுவிச் சேர்த்தேன். பிதுக்கி முடிப்பதற்குள் மழை விட்டு, வெயில் வந்து, மலை பக்கத்தில் வந்து நின்றதுபோல் தெளிவாகத் தெரிந்தது. கத்தரிக்காய் நறுக்கி, தேங்காயும் சோம்பும் அரைத்துக் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

"எப்பம்மா கெளம்புறீங்க?"

"எங்கப்பா?"

"இங்கதான்."

"நீங்கதான வரவேணாம்னு மெசேஜ் போட்டீங்க?"

"நான் எங்க வரவேணாம்னேன்? அது பொதுவான அறிவிப்பு."

"பொதுவாவா? குரூப்ல இருக்கறதே நம்ம நாலு பேருதாம்பா."

என் வீட்டுச் சாப்பாடு அவசியமற்ற பயணத்தில் சேராது என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் சேரும் என்று எடுத்துக்கொண்டார்கள். விளக்கக் குறிப்பு எதையும் நான் இணைக்கவில்லை.

"அவரு கரும்பு வெட்டப் பாக்க கச்சிராயபாளையம் போய்ட்டாருப்பா. வண்டி அவருகிட்டதான் கீது. பாப்பாக்கு நாளைக்கி பரீட்ச வேற. இன்னொரு நாளு பாக்கலாம்."

"சரி" என்றேன். அலுவலகக் கோப்பை மூடும்போது சொல்கிற சரி.

முன்பும் ஒவ்வொரு மார்கழியிலும் இதே மாதிரி எச்சரிக்கை அனுப்பியவன்தான் நான். என் முதுகுக்குப் பின்னால் என் மனைவி மகளுக்குப் போன் செய்து, "அது கெடக்குது, ஊறப்போட்டாச்சி, நீ கெளம்பி வா" என்று சொல்லிவிடுவாள். என் உத்தரவுகளுக்கு மேல்முறையீடு அந்தச் சமையலறையில் இருந்தது. இப்போது நான் போட்ட உத்தரவே இறுதி உத்தரவு.

குழம்பு நன்றாக வந்திருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஒரு கரண்டி ஊற்றித் தட்டில் வைத்துப் பார்த்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் தூக்கில் ஊற்றி மூடியை இறுக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன்.

சங்கராபுரம் பஸ்ஸில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் சட்டரை மூட முடியாமல் ஒருவர் போராடிக்கொண்டிருந்தார். மேலே இருந்து எல்லோர் மீதும் பாரபட்சமில்லாமல் ஒழுகியது. தூக்கை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டேன். கைப்பேசியில் புதிதாக ஓர் எச்சரிக்கை வந்தது. அதை யாருக்கும் அனுப்பவில்லை.

கதவைத் திறந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாப்பா இது, மழையில! ஒரு போன் பண்ணக் கூடாதா?"

மாப்பிள்ளை துண்டு கொண்டுவந்தார். அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மறுநாள் பரீட்சை என்பதால் அன்றைக்குச் சீக்கிரமே அடுப்பை அணைத்துவிட்டாளாம். எனக்காகத் திரும்பவும் கல்லைப் போட்டு, குழம்பைச் சுட வைத்தாள். நான் ஒருவன் சாப்பிட, மூன்று பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். பேத்தி பாடப் புத்தகத்தை மூடாமலே குழம்பில் விரலை விட்டு நக்கினாள்.

மகள் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சுவைத்தாள். "சோம்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். பிறகு, அடுப்பைப் பார்த்தபடி, "வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா பஸ்ஸ புடிச்சாவது வந்திருப்பேன்லப்பா" என்றாள்.

மாப்பிள்ளை கொட்டாவியை அடக்கினார். பேத்தி என் தோளில் சாய்ந்து ஏதோ ஒரு செய்யுளை முணுமுணுத்தாள். வெளியே மழை நின்றுவிட்டது.

இன்னொரு தோசை கேட்டேன். பசி எப்போதோ அடங்கிவிட்டது. ஆனால் தோசை வேகும்வரை யாரும் எழுந்து போகமாட்டார்கள்.