முப்பது விழுக்காட்டு லோகேஸ்வரன்

லோகேஸ்வரன் சோயா சாஸ் போத்தலின் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மலேசியாவில், லாபிஸ் ஊரில், அவர் வீட்டுச் சமையலறையில் பெயருள்ள போத்தல் ஒன்றுகூடக் கிடையாது. படத்தில் கம்பெனிப் பெயர் தெரிந்தால், அதை விற்கும் இணையதளம் திருப்பி அனுப்பிவிடுமாம். "தலைக்குத் தேய்க்கிறதா, தரை தொடைக்கிறதான்னு மோந்து பாத்துத்தான் எடுக்கிறேன்" என்பார் மனைவி வாசுகி.

ரொட்டி சானாய், செம்பனைக் குலை, மழையில் நனையும் மோட்டார் சைக்கிள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படமெடுத்து இணையத்தில் விற்பனைக்கு வைப்பது அவர் தொழில். உலகின் எந்த மூலையில் யார் வாங்கினாலும் இவருக்குச் சில காசு பங்கு வரும். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் முதுகு போன பிறகு வீட்டில் உலை கொதிப்பது இதனால்தான். ஆறு வருடத்தில் நாலாயிரம் படங்கள் சேர்ந்திருக்கின்றன.

அமெரிக்காவில் விற்றால் மட்டும் அந்த நாட்டு வரியாக முப்பது விழுக்காட்டை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். "பத்து ரொட்டி போட்டா மூண அங்கயே சாப்பிட்டுர்றான் லா!" என்று சிரிப்பார். அதனால் அமெரிக்கர் விரும்பக்கூடிய எதையும் எடுப்பதில்லை என்பது அவர் கொள்கை. பர்கர் எடுக்கமாட்டார், பூசணிக்காய் எடுக்கமாட்டார். மீதி எழுபதும் சேர்ந்து போகிறதே என்று கேட்டால், "அலமாக், அது வேற கணக்கு அண்ணே" என்பார்.

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். முப்பத்தொரு வருடம் அரசாங்க அலுவலகத்தில் படிவம் நிரப்பும் கிராணியாக இருந்தவன் நான். ஊரில் யார் வீட்டுக்குப் படிவம் வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டாலும் போவேன். லோகேஸ்வரனின் வரிப் படிவத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. அமெரிக்காவோடு வரி ஒப்பந்தம் உள்ள நாட்டில் வசிப்பவருக்குப் பிடித்தம் குறையும் என்று அதில் இருந்தது. நாடுகளின் பட்டியலில் மலேசியா இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேங்க் என்று இங்கே எந்தப் படிவத்திலும் இனம் கேட்பார்கள். இந்தியர் என்று கோடு போட்டே பழகிய கை என்னுடையது. பட்டியலில் இந்தியாவைக் கண்டதும் யோசிக்காமல் தட்டிவிட்டேன். முப்பது பதினைந்தாகக் குறைந்தது. லோகேஸ்வரன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் செலவில் இரண்டு தே தாரிக் குடித்துவிட்டு மேதையைப் போல வீடு திரும்பினேன்.

மூன்றே வாரத்தில் இணையதளத்திலிருந்து அவருக்கு மின்னஞ்சல் வந்தது. இந்தியாவில் வசிப்பதற்கான சான்றிதழ் பத்து நாளில் வராவிட்டால் அக்கவுண்ட் மூடப்படும், படங்கள் அகற்றப்படும்.

"அண்ணே, இந்தியாவுல எனக்கு ஒரு கொசுவக்கூடத் தெரியாதே" என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தவறு என்னுடையது என்று ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு ஓடினேன். "இத படிக்கிறதுக்குள்ள பத்து நாள் முடிஞ்சிடும்" என்று மடித்து வைத்துவிட்டு, அவரே மூன்று வரி எழுதினார்: தப்பாகத் தட்டிவிட்டோம், நான் மலேசியாக்காரன், முப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள் அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசி ஒலித்தது. அவர் மெல்ல வாசித்தார்: திருத்தம் ஏற்கப்பட்டது, அக்கவுண்ட் தொடரும், பிடித்தம் முப்பது விழுக்காடு. வாசுகி கேஸ் அடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டேன். நிம்மதி பாதி, வெட்கம் பாதி.

"அண்ணே, கைய எடுக்காதீங்க!"

கேமரா நாலைந்து முறை சொடுக்கியது. "வரிக் கவலையில பெரியவரு. அமெரிக்காவுல பிச்சிக்கிட்டுப் போகும்" என்றார். அவர் கொள்கை அந்தச் சொடுக்கிலேயே போய்விட்டது.

முகம் தெரியும் படமென்றால் அந்த ஆளின் சம்மதப் படிவமும் வேண்டும். ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவுக்குக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. நாடு என்ற கட்டத்தை முதலில் தானே நிரப்பினார். ஒருமுறை சரிபார்த்தார். பிறகுதான் பேனாவை என் பக்கம் நீட்டினார்.