இரண்டு குளிர்ப்பெட்டிகள்

டென்னிஸ் ஓட்டும் டிரெய்லரின் முதுகில் ஏறியிருக்கும் கண்டெய்னருக்குள் எப்போதும் மைனஸ் இருபது. டென்னிஸின் சட்டையில் எப்போதும் வியர்வை. பெங்களூருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் பரோட்டாவை உறைய வைத்து, அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, கதவைச் சாத்தி சீல் வைப்பார்கள். அதைச் சென்னைத் துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. அங்கிருந்து கப்பலேறி டொரண்டோவுக்குப் போகும்.

அவர் பிறந்து வளர்ந்த பாலகாட்டில், சுரங்கத் தொழிலாளர்களுக்கெனக் கட்டிய லைன் வீடுகளில், அவரைக் கேலி செய்ய வேறு விஷயம் தேவைப்பட்டதே இல்லை.

“இன்னா டென்னிசு, இங்க சூடா கெடைக்கிற பரோட்டாவ ஐஸ் வெச்சி கனடாவுக்குத் தூக்கினு போறியாமே?”

“அங்க இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு மாவு பிசையக் கை வணங்கலியாம். இன்னா பண்றது.”

அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தின் அடிமட்ட லெவலில், சுடும் பாறைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். மகன் குளிரைச் சுமந்து பிழைக்கிறான் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார். அந்தக் குளிரும் தானாக இருப்பதில்லை. கண்டெய்னரின் மூக்கில் மாட்டியிருக்கும் டீசல் ஜென்செட் ஓடினால்தான் உண்டு. வண்டி நின்றாலும் அது நிற்கக் கூடாது. மைனஸ் பதினைந்தைத் தாண்டி ஏறிவிட்டால் வாங்குகிறவன் மொத்தச் சரக்கையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒருமுறை இளகி மறுபடி உறைந்த பரோட்டா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழியும்.

ஜென்செட்டை அணைத்துவிட்டு டீசலை விற்கிற டிரைவர்களும் இருந்தார்கள். பிடிபட்ட அன்றே வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கருவி வந்தது. பெங்களூர் ஆபீசில் உதய் என்ற பையன் திரையின் முன் உட்கார்ந்து, எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது, உள்ளே எவ்வளவு குளிர் என்று பார்த்துக்கொண்டே இருப்பான்.

அன்று காலை சரக்கேற்றித் தொழிற்சாலைக் கேட்டைத் தாண்டியதும் அக்கா ஐடா ஃபோன் செய்தாள். அவள் கணவர் வால்டர் விடியற்காலையில் போய்விட்டார். சுரங்கத்துத் தூசி நெஞ்சில் தங்கி, பல வருடமாக உட்கார்ந்தபடியே தூங்கிய மனிதர்.

“மூச்சுக்குத் தவிச்சது போதும்டா. அடங்கிட்டாரு,” என்றாள் ஐடா. அழுது முடித்த குரல். “நீ கோடி எடுத்துனு வரணும். நம்ம வூட்ல இருந்து உன்ன உட்டா யார் இருக்காங்க?”

டென்னிஸ் உதய்க்கு ஃபோன் போட்டார். சென்னைக்குப் போகிற வழிதான், கொஞ்சம் உள்ளே திரும்ப வேண்டும், அவ்வளவே.

“போங்க அண்ணா. பெட்டி எங்கே நிக்குதுன்னு நான் பாத்துக்கறேன். ஜென்செட் மட்டும் நிக்கக் கூடாது. ஸ்வல்ப கவனம்.”

“நிக்காது சார். அதுக்கு நான் பொறுப்பு.”

பங்காரப்பேட்டையில் கோடிக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு பாலகாட் வந்து சேர்ந்தார். லைனுக்குள் டிரெய்லர் நுழையாது. முனையில் இருந்த மைதானத்தில் நிறுத்தி, ஜென்செட் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு, கதவின் சீலை ஒருமுறை தடவிவிட்டு உள்ளே நடந்தார்.

வால்டர் வாடகைக்கு வந்த ஃப்ரீசர் பெட்டியில் படுத்திருந்தார். கண்ணாடி மேல் ஈரம் பூத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெருமாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் ஆட்கள் போகும் கூண்டை, அதாவது கேஜை, ஏற்றி இறக்கும் வைண்டிங் இஞ்சின் ஓட்டியவர்.

“உள்ள ஒரு பொட்டி உறுமுது, வெளிய ஒரு பொட்டி உறுமுது,” என்றார் டென்னிஸிடம். “உன்னுதுல யாருபா?”

“பரோட்டா, பெரிப்பா.”

“அது செரி.”

சாயங்காலம் போதகர் வந்து ஜெபம் செய்தார். ஃப்ரீசரை அணைத்து, வால்டரைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டி வாசலைத் தாண்டினால் சத்தம் போடுகிற எதுவும் ஓடக் கூடாது. டிவி, மிக்சி, நின்றுகொண்டிருக்கும் பைக், எல்லாம் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. டென்னிஸ் முன்பக்கம் தோள் கொடுத்தார். ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தார். தெரு அப்படி அமைதியாக இருந்தது சரியென்றே அவருக்குப் பட்டது.

கல்லறையில் மண் போடக் குனிந்தபோதுதான் காது எதையோ தேடியது. மைதானம் அங்கிருந்து தூரமில்லை. எங்கோ நாய் குரைப்பது கேட்டது. மாரிக்குப்பம் ரயிலின் ஹாரன் கேட்டது. அவருடைய இஞ்சின் கேட்கவில்லை.

கையிலிருந்த மண்ணைப் போட்டுவிட்டு ஃபோனை எடுத்தார். திரை முழுக்க உதயின் மிஸ்டு கால். ஐடா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். 

“போடா. நான் பாத்துக்கிறேன்.”

ஓடினார். நாற்காலியும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடும் ஃப்ரெடி, ஏதோ தகராறு என்று நினைத்துப் பின்னால் ஓடி வந்தான்.

ஜென்செட் செத்துக் கிடந்தது. குளிரைக் காட்டும் சின்னத் திரை இருண்டிருந்தது. ஜென்செட் நின்றால் உதயின் திரைக்கும் குளிரின் எண் போகாது. உள்ளே எவ்வளவு என்று தெரிய வழியில்லை. கதவைத் திறந்து பார்க்கலாம் என்றால் சீல் போய்விடும். இருக்கிற குளிரும் போய்விடும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். ‘டிக்’ என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே ‘டிக்’.

முழங்கால் வலியால் கல்லறைக்கு வராத பெருமாள் மெல்ல நடந்து வந்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

“நான்தான் அணைச்சேன் நைனா. உள்ள இருந்த பொட்டிய அணைச்சிட்டாங்க. இது மட்டும் கத்திகினு இருந்துச்சி. வால்டரு போவும்போது நல்லாவா இருக்கும்? செவப்பு பட்டன்தானே. இஞ்சின நிறுத்த எனக்கு யாரு சொல்லித் தரணும்?”

டென்னிஸ் இன்னொரு முறை பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“இது நிக்கவே கூடாது பெரிப்பா. பதினஞ்ச தாண்டிட்டா பரோட்டா குப்பைக்கு. நான் வூட்டுக்கு. டீசல் வித்துட்டேன்னு சொல்லிடுவாங்க.”

பெருமாள் கண்டெய்னரைப் பார்த்தார். சட்டைப் பையில் கை விட்டு எதையோ தேடி, ஒன்றும் எடுக்காமல் கையை வெளியே எடுத்தார்.

“எங்கிட்ட யாரும் சொல்லலியே,” என்றார், மெதுவாக.

ஃப்ரெடி இதற்குள் தன் டெம்போவைக் கொண்டுவந்து ஜென்செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தியிருந்தான். “பேட்டரிதான் வீக்கு அண்ணா. கேபிள் வெச்சிருக்கேன். என் வண்டி தெனம் காலைல இப்பிடித்தான் எழுந்துக்கும்.”

கேபிளை மாட்டினார்கள். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை கரும்புகையைக் கக்கிவிட்டு உறுமத் தொடங்கியது. திரையில் எல்லாக் கோடுகளும் ஒன்றாக எரிந்தன, பின்பு ஒன்றுமில்லை. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எண் வந்தது.

மைனஸ் பதினேழு.

டென்னிஸ் டிரெய்லரின் படியில் உட்கார்ந்தார். 

“பதினேழு நல்லதா, கெட்டதா?” என்றார் பெருமாள்.

“நல்லது பெரிப்பா.”

“அப்ப வாயத் தெறந்து சொல்லு.”

ஃபோன் அதிர்ந்தது. உதய். “அண்ணா, இப்போ ஆன் ஆச்சு, பாத்தேன். இவ்ளோ நேரம் என்ன ஆச்சு? யார் நிறுத்தினது?”

கிழவரைக் காட்டிக் கொடுக்க டென்னிஸுக்கு நா எழவில்லை. “அது வந்து, தானா சார்...” என்று இழுத்தார். பெருமாள் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். நல்ல கன்னடத்தில், தன் பெயர், வைண்டிங் இஞ்சினில் வேலை பார்த்தது, வீட்டுக்குள் இருந்த பெட்டி, வெளியே இருந்த பெட்டி, சிவப்பு பட்டன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். தண்டனை ஏதாவது உண்டென்றால் தன் பென்ஷனில் பிடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

 உதய் சிரிப்பை அடக்குவது கேட்டது.

“அண்ணா, டீசல் லெவல் பாத்தேன். நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு கொறயல. அதனாலதான் மேலே சொல்லாம உங்களையே கூப்பிட்டுட்டு இருந்தேன். பதினஞ்சு தாண்டல, சரக்குக்கு ஒண்ணும் இல்ல. நடந்தத நடந்தபடி எழுதிடறேன். மரியாதைக்காக நிறுத்திட்டாங்கன்னு இங்கிலீஷ்ல எப்படி எழுதறதுன்னுதான் யோசிக்கறேன்.”

கல்லறையிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஐடா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அன்று முதல்முறையாகச் சிரித்தாள். “உங்க மாமா இருந்தா இத ஒரு மாசத்துக்குச் சொல்லியே சிரிச்சிருப்பாரு,” என்றாள். வழிக்கு டீயும் பன்னும் கட்டிக் கொடுத்தாள்.

வண்டி மலைப்பாதை இறங்குவதற்குள் பெருமாள் ஃபோன் செய்தார். “இப்ப எவ்ளோ?” மைனஸ் பதினெட்டு என்றதும் வைத்துவிட்டார். ஆம்பூரைத் தாண்டும்போது மறுபடி. காய்ச்சல் பிள்ளையை விசாரிப்பது போலவே இருந்தது குரல். “இருபது வந்துடுச்சி பெரிப்பா, தூங்குங்க,” என்று டென்னிஸ் சொன்ன பிறகுதான் விட்டார்.

காலையில் துறைமுகக் கேட்டில் ஒருவர் திரையைப் பார்த்தார், சீலைப் பார்த்தார், போ என்று கை காட்டினார். உள்ளே கிரேன் பெட்டியைத் தூக்கியதும் டிரெய்லர் லேசாகி ஒரு முறை குலுங்கியது. பெட்டியைக் கொண்டுபோய் வரிசையில் வைத்து மின்சாரத்தில் மாட்டினார்கள். இனி அது அவர் கையில் இல்லை.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு பன்னைப் பிரித்தார். ஒரு வாய் கடித்தார். நேற்றிலிருந்து ஒரு நிமிடம்கூட வால்டரை நினைக்க விடாமல் அந்தப் பெட்டி பிடித்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, யாரும் அவசரப்படுத்தாத இடத்தில், டென்னிஸ் நிதானமாக அழுதார்.