விசிலுக்கு விட்ட இடம்

குரல்வளை ஒருமுறை ஏறி இறங்குகிறது. எச்சிலை விழுங்கிய பிறகுதான் விசிலண்ணன் படத்தை வெட்டுகிற பொத்தானை அழுத்துவார். திரையில் முகமூடி வீரன் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து நிற்கிறான். அடுத்த வசனத்துக்கு முன் ஒரு மௌனம். அதன் நீளத்தை அளக்க அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. வீரன் வில்லனை அறைந்தால் ஒரு விழுங்கல். அங்கி பறக்க இறங்கினால் இரண்டு. போன படத்தில் செத்தவன் திரும்பி வந்தால், தொண்டை காய்கிற வரைக்கும். "ஜனம் கத்தி முடிக்க வேணாமா? கத்துறப்ப வசனத்தப் போட்டா அது குப்பைக்குத்தான் போவும்" என்பார்.

பறக்கும் வீரர்களை வைத்தே படமும் தொடரும் எடுத்துத் தள்ளுகிற நிறுவனத்தில் அவர்தான் தலைமைப் படத்தொகுப்பாளர். பள்ளிக்கூடத்துக்குச் சின்ன வயதிலேயே முழுக்குப் போட்டவர். வெட்டுகிற அறையில் தரை பெருக்கி, ஃபிலிம் பெட்டி சுமந்து, துண்டு ஒட்டப் பழகி, அந்த அறைக்கே முதலாளி மாதிரி ஆனவர். யாரும் கேட்காமலே இதைச் சொல்லுவார், டீ வாங்கி வருகிறவரையும் விட மாட்டார். "படிச்சிட்டு வந்தவங்க கம்ப்யூட்டர்ல ஓடுற சத்தக் கோட்டப் பாத்து வெட்டுவாங்க. நான் சீட்டுல உக்காந்திருக்கிறவன் முதுகப் பாத்து வெட்டுவேன். முதுகு நிமிந்துச்சா, விசில் வருதுன்னு அர்த்தம். எங்க கத்தணும்னு ஒரு தலைமுறைக்கே சொல்லிக் குடுத்தவன்யா நான்!"

பெருமை பேசினாலும் பொய் பேசவில்லை. அவர் தொகுத்த படங்களில் சத்தம் எங்கே நிற்கிறதோ, அங்கே அரங்கம் எழுந்துகொள்ளும்.

சாமி விஷயத்திலும் அவருக்குக் கூச்சம் கிடையாது. "எல்லாம் சாமி கதைதான். மேலேருந்து வருவான், நமக்காக அடி வாங்குவான், சாவான், எந்திரிப்பான். என்ன, இந்தச் சாமி ஜட்டிய வெளிய போட்டிருக்கும்." வீரன் கைகளை விரித்தபடி விழுகிற இடத்தில் மணியோசை சேர்ப்பார். எழுகிற இடத்தில் தலைக்குப் பின்னால் வெளிச்சம் கேட்டு வாங்குவார். கும்பிடலாமா என்று தோன்றுவதற்குள் ஜனம் கத்தியாக வேண்டும். அதுதான் அவர் கணக்கு.

வீட்டில் அவருக்கு இத்தனை வாய் கிடையாது. ஒரே மகள் காய்ச்சலில் போன பிறகு, அவர் மனைவி படம் பார்ப்பதையும் பிரார்த்தனை செய்வதையும் சேர்த்தே விட்டுவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து மேலே பார்த்து அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்விதான்: "நான் கூப்பிட்டது உனக்குக் கேக்கலையா?" பதில் வரவில்லை. அந்த அமைதி இன்னமும் அண்ணன் காதிலேயே குடியிருக்கிறது.

புதுப் படத்தில், காப்பாற்றத் தவறிய ஒரு சிறுமியை வீரன் ஆளில்லாத வழிபாட்டுக் கூடத்துக்குத் தூக்கி வருகிறான். பீடத்தின் அடியில் கிடத்துகிறான். அங்கே அவனுக்கு எழுதியிருந்த நீளமான வசனத்தை அண்ணன் வெட்டி எறிந்தார். மனைவியின் கேள்வியை, மனைவியிடம் சொல்லாமல், அவன் வாயில் வைத்தார். அதற்கப்புறம் வெறும் அமைதி. இயக்குநர் வயலின் கேட்டார். "அந்த எடத்துல ஒரு சத்தம் வந்துச்சு, இந்த நாற்காலிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க." அந்த அமைதியை மட்டும் அவரால் அளக்க முடியவில்லை. எச்சில் இறங்கவில்லை.

ரசிகர்களுக்கு என்று போட்ட முன்னோட்டக் காட்சிக்கு மனைவியைக் கூப்பிட்டார்.

"உங்க பறக்குற ஆளுங்கள நான் வந்து என்னங்க பாக்க?"

"ஒரே ஒரு எடம் பாரு. உனக்காகத்தான் வச்சிருக்கேன். அப்புறம் எந்திரிச்சுப் போயிடலாம்."

கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்த இடம் வந்தது. "நான் கூப்பிட்டது உனக்குக் கேக்கலையா?" என்றான் முகமூடி வீரன். இருட்டில் மனைவியின் கை அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

முன் வரிசையிலிருந்து ஒரு விசில் கிளம்பியது.

பிறகு நூறு. "நாங்க இருக்கோம் தலைவா!" "எங்களுக்குக் கேக்குது தலைவா!" கிழித்த காகிதங்கள் பறந்தன. யாரும் கேலி செய்யவில்லை. சத்தம் நின்றால் கத்த வேண்டும் என்று யார் பழக்கினாரோ, அவருக்கு நல்ல பிள்ளைகளாக நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான். மணிக்கட்டிலிருந்து கை விலகியது.

வெளியே தயாரிப்பாளர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "அண்ணே! அவன் சும்மா நின்னதுக்கே கூரை பறக்குதே! அந்த எடத்துல போன படத்துல செத்தவன எறக்குவோம்ணே. பீடத்துக்குப் பின்னாலேருந்து வரட்டும். 'கேட்டுச்சுடா தம்பி'ன்னு ஒரே வார்த்தை. தியேட்டர் தாங்காது!"

மனைவி கை எட்டும் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது பதில் இல்லாத இடம் என்று அண்ணனுக்குச் சொல்லத் தெரியும். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேரும் அவர் தீர்ப்புக்காக அவர் வாயையே பார்த்தார்கள். அப்படிப் பார்த்துவிட்டால் அந்த வாய் சும்மா இருந்ததே இல்லை.

"எறக்கலாம் தம்பி. ஆனா அவன் மொகம் தெரிஞ்ச ஒடனே பேச விட்றாதீங்க" என்றார். "நல்லா எடம் விடணும். அத எங்கிட்ட விட்ருங்க."

கார் வந்தது. மனைவி முதலில் பின் இருக்கையில் ஏறினார். மடியில் வைத்திருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தார். கதவைத் திறந்த அண்ணன் அந்தப் பையைப் பார்த்தார். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, சுற்றிவந்து டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.