சுவர்ப் பக்கம் பார்த்த கண்

நான் சாமி கும்பிடுறவன்தான். செவ்வாய் வெள்ளி கவுச்சி தொடமாட்டேன், பௌர்ணமின்னா முட்டி வலியோட கூட மலை சுத்திட்டுதான் வருவேன். ஆனா பேயைப் பார்த்தேன், சாமி நேர்ல வந்துச்சு, கனவுல உத்தரவு குடுத்துச்சுன்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும். முகத்துக்கு நேரா சிரிக்கமாட்டேன், வீட்டுக்கு வந்து சிரிப்பேன். எட்டாவதோட படிப்பை நிறுத்தினவன்தான், இருந்தாலும் அந்த அளவுக்கு விவரம் உண்டு. அதனால நான் இங்க எழுதறதைப் படிச்சுட்டு நீங்களும் சிரிச்சா எனக்குக் கோவம் வராது.

எம்பதுகளோட ஆரம்பம். திருவண்ணாமலை டவுன்ல ஒரு கல்யாண மண்டபத்துல மேற்பார்வையா இருந்தேன். ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாக் கிடக்கும், அப்பதான் கண் டாக்டருங்க ரெண்டு நாள் கூட்டம் போட எடுத்தாங்க. மெட்ராஸ், வேலூர்னு எங்கெங்கிருந்தோ டாக்டருங்க, கூடவே லென்ஸு வெளிச்சம் இதைப் பத்திப் படிச்ச காலேஜ் வாத்தியாருங்க. வெளிச்சம் கண்ணுக்குள்ள போய் எப்படி வளையுது, கண்ணுக்கு உள்ள இருக்கிறதை எப்படிப் படம் புடிக்கிறது, இதான் பேச்சு, எல்லாம் இங்கிலீஷ்ல. திரையில படம் காட்டணும்னு ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடிச்சது நான்தான். சமையல்காரர் துரைசாமி எட்டிப் பார்த்துட்டு, "இன்னா மாமா, வெளிச்சத்தை மொத்தமா அடைச்சுட்டு உக்காந்து வெளிச்சத்தைப் பத்தியே பேசறாங்க"ன்னார். "நீ போய் உப்பைப் பாரு, நேத்து ஜாஸ்தி"ன்னேன்.

இப்ப என் சம்சாரத்தைப் பத்திச் சொல்லணும். பேரு சின்னபொண்ணு, கீழ்பென்னாத்தூர் பக்கம். அவளுக்கு இடது கண்ணுல பார்வை கிடையாது. அஞ்சு வயசுல பெரியம்மை போட்டு உசுரு தப்பிச்சுது, கண்ணுல வெள்ளை விழுந்துடுச்சு. அவங்க ஊர்ல அதை ஆத்தா எடுத்துக்கிட்ட கண்ணுன்னு சொல்லுவாங்க, குறையா சொல்றதில்ல. ஒத்தக் கண்ணை வெச்சுக்கிட்டுத்தான் மூணு புள்ளைங்களை வளர்த்தா.

அந்த ஆடியில ஒரு வாரமா, அரிசி புடைக்கும்போது காத்துல கையை வீசிக்கிட்டே இருந்தா. கேட்டா கொசுன்னா. நான் பார்த்தவரைக்கும் கொசு எதுவும் இல்ல. ரெண்டு அதட்டு போட்டப்புறம்தான் சொன்னா, வலது கண்ணுல கறுப்புக் கறுப்பாப் பறக்குது, ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டுதுன்னு.

"ஏன்டி இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா நீங்க சோறு துன்னமாட்டீங்க"ன்னா.

அன்னிக்கு நிஜமாவே எறங்கல. அந்தக் கண்ணும் போச்சுன்னா அவளுக்கு ராவு பகல் ரெண்டும் ஒண்ணுதானே.

கூட்டத்துக்கு வந்திருந்த மெட்ராஸ் டாக்டர் ஒருத்தர்கிட்ட கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னேன். நல்ல மனுஷன். அவளைக் கூட்டியாரச் சொல்லி லைட் அடிச்சுப் பார்த்தார். "பெரிசா ஒண்ணும் தெரியல, வயசானா இந்த மாதிரி பறக்கிறது சகஜம். எதுக்கும் புது கேமராவுல படம் எடுத்துப் பார்த்துடுவோம், எங்களுக்கும் கேமராவைக் காட்ட ஒரு ஆள் வேணும்"னார்.

கேமராவை மணப்பொண்ணு அறையில வெச்சிருந்தாங்க. அது சின்ன அறை, மேசையைச் சுவரை ஒட்டிப் போட்டாத்தான் கதவு திறக்கும், அப்படி ஒட்டிப் போட்டதும் நான்தான். அவ உக்காந்தா வலப்பக்கம் சுவரு, ஒரு சாண் இடம் கூட கிடையாது, இதை ஞாபகம் வெச்சுக்குங்க. உள்ள இருந்தது டாக்டர், அவரோட உதவியாளர், நான், அவ, அவ்வளவுதான். மருந்து விட்டாங்க, தாடையை ஒரு தாங்கியில வெக்கச் சொன்னாங்க. உதவியாளர் பழக்கதோஷத்துல, "அம்மா, இடது கண்ணால இந்தச் சிவப்பு லைட்டையே பாருங்க"ன்னுட்டார். இவ எதுவும் சொல்லாம உம்முனு உக்காந்திருக்கா. டாக்டர்தான், "யோவ், அந்தக் கண்ணுல பார்வை இல்லய்யா"ன்னார்.

அப்புறம் எனக்கு விளக்கிச் சொன்னார். படம் எடுக்கிற கண்ணு வெளிச்சத்துல கூசிப்போய் அதுக்கு எதுவும் தெரியாதாம், மத்தக் கண்ணு ஒரு இடத்தைப் புடிச்சுக்கிட்டாத்தான் இதுவும் ஆடாம நிக்குமாம். "இவங்களுக்கு அது முடியாது. பரவாயில்ல, நேரா பாக்கற மாதிரி நெனச்சுக்கும்மா"ன்னார்.

அஞ்சு தடவை பளிச் பளிச்சுன்னு அடிச்சுது. ஒவ்வொரு தடவையும் கண்ணு அலைபாயுது, டாக்டர் உச்சுக் கொட்டறார். ஆறாவது தடவைக்கு முன்னாடி இவ மெதுவா, "சரிங்கம்மா"ன்னா. ரெண்டு கண்ணும் வலப்பக்கம் மேல போச்சு, சுவர்ப் பக்கமா, ஒரு ஆள் நின்னா முகம் எங்க இருக்குமோ அந்த உசரத்துக்கு. போய் ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. அந்த நேரத்துல பளிச்.

"நேரா பாக்கச் சொன்னேனேம்மா, அங்க என்ன இருக்கு"ன்னு டாக்டர் சலிச்சுக்கிட்டார். ஃபிலிமும் தீர்ந்துபோச்சு.

வெளிய வந்ததும் நான் கடிஞ்சுக்கிட்டேன். "அவரு ஆம்பள, அவரைப் போய் சரிங்கம்மான்றியே."

"அவரைச் சொல்லலீங்க. பக்கத்துல நின்னுச்சே அந்த அம்மா, அதைச் சொன்னேன். இப்படிப் பாரும்மான்னு விரலைக் காட்டிச்சே."

"எந்தப் பக்கம் நின்னுச்சு?"

வலது கையை நீட்டிக் காட்டினா. அது சுவரு இருந்த பக்கம். மருந்து விட்ட கிறுகிறுப்புன்னு நெனச்சுக்கிட்டேன்.

டவுன்ல ஒரு ஸ்டூடியோவுல ஃபிலிமைக் கழுவி, மறுநாள் மதியம் படம் வந்துச்சு. பந்தியில நான் மோர் ஊத்திக்கிட்டிருந்தேன், டாக்டர் பாதி இலையில எழுந்து வந்துட்டார். அஞ்சு படமும் புகையடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆறாவது மட்டும் தெளிவு. அதுல மேல் ஓரத்துல லாடம் மாதிரி வளைஞ்சு ஒரு கிழிசல். "கண்ணுக்குள்ள இருக்கிற திரை கிழிஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா முழுசா கழண்டு வந்திருக்கும். நேரா பாத்திருந்தா இந்த இடம் படத்துலயே விழுந்திருக்காது. யாரு அவங்களை அங்க பாக்கச் சொன்னது?"

நான் உதவியாளரைப் பார்த்தேன், அவர் இல்லன்னு தலையாட்டினார்.

"ஒரு கண்ணு கூசியிருக்கு, இன்னொண்ணு கிடையவே கிடையாது. எதைப் பார்த்துக்கிட்டு அப்படி ஆடாம இருந்தாங்க?" இதை டாக்டர் அங்க இருந்த எல்லார்கிட்டேயும் கேட்டார். கண்ணைப் பத்தியே படிச்சவங்க அத்தனை பேர் இருந்தாங்க. ஒருத்தர் தற்செயல்னார். மத்தவங்க சாப்பிட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலமே டாக்டர் தன் காருலயே எங்களை மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போனார், கிழிசலை ஒட்டினாங்க, கண்ணு பொழைச்சுது. ஊருக்கு வந்து மாரியாத்தாளுக்கு வெள்ளியில கண்மலர் வாங்கிச் சாத்தினோம். அதுவரைக்கும் இந்த மாதிரிக் கதைக்கெல்லாம் சிரிச்சவன், அதுக்கப்புறம் கேட்டவங்க கேக்காதவங்க எல்லார்கிட்டேயும் ஆத்தாதான் வந்தான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவ ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.

முப்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. போன ஆடியில கூழ் ஊத்தி முடிச்சு, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இதையே மறுபடி சொல்லிக்கிட்டிருந்தேன். அவர் போனதும், குண்டானைக் கழுவிக்கிட்டே சொன்னா. "அது ஆத்தாவா இருக்காதுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"விரலைக் காட்டறதுக்கு முன்னாடி அந்த அம்மா என் கையைப் புடிச்சு, மன்னிச்சுக்கோம்மான்னு சொல்லிச்சு. ஆத்தா எதுக்குங்க என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்?"

இத்தனை வருஷமா இதை மட்டும் சொல்லாம வெச்சிருந்தா. ஆத்தா இல்லன்னா அப்புறம் யாரு, எந்தத் தப்புக்கு இவகிட்ட மன்னிப்புக் கேட்டதுன்னு எனக்குக் கேக்கத் தோணுச்சு, அதுக்குள்ள அவ குண்டானைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். கற்பூரம் காட்டும்போது நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் கும்பிடுவேன், அன்னிக்கு என்னமோ நடுவுல திறந்துட்டேன். அவ உள்ளங்கையால நல்ல கண்ணைப் பொத்திக்கிட்டு, வெள்ளை விழுந்த கண்ணால ஆத்தா முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. அந்தக் கண்ணு அலையல, ஆடல. ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம், அன்னிக்கு வந்தது இவங்க இல்லன்ற மாதிரி தலையை லேசா ஆட்டினா.